புள்ளிக்கு அப்புறம் இருக்கறது எத்தனைல எத்தனை?

போன இதழ்ல பெரம்பூர் அம்மா ஒருத்தங்க அனுப்பின கேள்வியை மட்டும் போட்டுட்டு, பதில் அடுத்த இதழ்ல, டெசிமலை ஃப்ராக்‌ஷனா மாத்தறதுல வேற என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கன்னு சொல்லியிருந்தேன். ஸ்கூல் பசங்களும் அவங்க அம்மாக்களும் தான் எழுதுவாங்கன்னு நெனச்சேன். ஆனா நகை வாங்கப் போனவங்க, ஒர்க்‌ஷாப்ல வேலை பாக்கறவங்க, ஐடி பசங்க, ரிட்டயர் ஆன பெரியவங்கன்னு எல்லாரும் எழுதியிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். எல்லாத்தையும் போட இடம் இல்ல, ஒரே மாதிரி வந்ததை சேர்த்துட்டேன். மொதல்ல பெரம்பூர்.

கேள்வி: டீச்சர், என் பொண்ணு ஆறாவது படிக்கறா. 0.375-ஐ எளிய பின்னமா எழுதுன்னு டெஸ்ட்ல வந்திருக்கு. இவ 375/1000-னு எழுதிட்டு வந்திருக்கா, பாதி மார்க் தான் போட்டிருக்காங்க, ஏன்னு எதுவும் எழுதல. ஃபோன்ல தட்டிப் பாத்தா 3/8-னு வருது. 375 எங்க, 3 எங்க? நடுவுல என்ன ஆச்சுன்னு எனக்கே புரியல, அவளுக்கு எப்படி சொல்லித் தர்றது?
- ஒரு அம்மா, பெரம்பூர்

பதில்: உங்க பொண்ணு எழுதினது தப்பே இல்லம்மா, அதை மொதல்ல அவகிட்ட சொல்லிடுங்க. 375/1000-ம் 3/8-ம் ஒரே அளவு தான், அஞ்சு நூறு ரூபா நோட்டும் ஒரு ஐநூறு ரூபா நோட்டும் மாதிரி. அவ பாதி வழி சரியா வந்து நின்னுட்டா, சுருக்கறது தான் பாக்கி. பாதி மார்க் போட்டவங்க அந்த ஒரு வார்த்தையை பேப்பர்லயே எழுதியிருந்தா குழந்தை குழம்பியிருக்க மாட்டா, இதை நான் எங்க போனாலும் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

நம்ம எல்லாரும் 0.375-ஐ "பூஜ்யம் புள்ளி மூணு ஏழு அஞ்சு"ன்னு ஃபோன் நம்பர் மாதிரி வாசிக்கறோம், அங்க தான் அர்த்தம் தொலைஞ்சு போகுது. மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசுல 0.375-னு காட்டினா கடைக்காரர் என்ன சொல்றாரு? முன்னூத்தி எழுபத்தஞ்சு கிராம்ங்கறாரு. ஒரு கிலோன்னா ஆயிரம் கிராம், அந்த ஆயிரத்துல முன்னூத்தி எழுபத்தஞ்சு. இப்படி வாசிச்சவுடனே பின்னம் வாயிலேயே வந்துடுச்சு பாருங்க. என்கிட்ட டியூஷனுக்கு வர்ற பசங்களுக்கு நான் சூத்திரம் எதுவும் தர்றதில்ல, "எத்தனைல எத்தனை?"ன்னு ஒரே ஒரு கேள்வி தான் கேப்பேன். புள்ளிக்கு அப்புறம் ஒரு இலக்கம் இருந்தா பத்துல, ரெண்டு இருந்தா நூறுல, மூணு இருந்தா ஆயிரத்துல. கீழ வர்றது பகுதி, மேல வர்றது தொகுதி.

இனி சுருக்கறது. இதுக்கு நீங்க அடுக்களைக்கே போயிடலாம். ஒரு கிலோ துவரம்பருப்பை தட்டுல கொட்டி எட்டு சம குவியலா பிரிச்சு வைங்க, ஒவ்வொரு குவியலும் 125 கிராம் வரும். அவளை தராசுலயோ அளவு கப்லயோ 375 கிராம் எடுக்கச் சொல்லுங்க, சரியா மூணு குவியல் காலியாகும். எட்டுல மூணு. பருப்பு அதே பருப்பு தான், கிராம் கிராமா எண்ணாம குவியல் குவியலா எண்ணினோம், அவ்வளவு தான் சுருக்கறதுங்கறது.

பேப்பர்ல பண்ணும்போது மேலயும் கீழயும் ஒரே நம்பரால வகுத்துக்கிட்டே வரணும். 375/1000, அஞ்சால வகுத்தா 75/200, இன்னொரு தடவை அஞ்சு 15/40, இன்னொரு தடவை 3/8. இதுக்கு மேல 3-ஐயும் 8-ஐயும் சேர்த்து வகுக்க ஒரு நம்பரும் இல்ல, நிறுத்திடலாம். ஸ்கூல்ல மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடிச்சு ஒரே அடியா 125-ஆல வகுன்னு சொல்லுவாங்க, அது நல்ல வழி தான், ஆனா ஆறாவது படிக்கற குழந்தைக்கு 125 சட்டுனு கண்ல படாது, அஞ்சு அஞ்சா இறங்கி வரட்டும், ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

இன்னொரு விஷயம், இதை நான் இத்தனை வருஷத்துல நிறைய பேருக்கு சொல்லியிருக்கேன், சொன்ன உடனே அவங்க மூஞ்சி மாறறதைப் பாக்கணும். பசங்க சுருக்கும்போது 2-ஆல போகுதா, 3-ஆல போகுதா, 7-ஆல போகுதான்னு தேடிக்கிட்டே இருப்பாங்க. தேடவே வேண்டாம். கீழ இருக்கறது 10, 100, 1000 தானே, அதெல்லாம் 2-ம் 5-ம் மட்டுமே பெருக்கி வந்த நம்பருங்க, அதனால 3-ம் 7-ம் உள்ள நுழையவே முடியாது. அது மட்டும் இல்ல, கடைசில சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கற பூஜ்யத்தை எடுத்துட்டீங்கன்னா, 2-ம் 5-ம் ரெண்டுமே ஒரே கணக்குல வராது, ஏதாவது ஒண்ணு தான் வரும். கடைசி இலக்கத்தைப் பாருங்க. அது 5-னா அஞ்சால மட்டும் வகுங்க. 2, 4, 6, 8-னா ரெண்டால மட்டும் வகுங்க, 0.48 வந்து 48/100, 24/50, 12/25, முடிஞ்சுது. 1, 3, 7, 9-னா பேனாவை கீழ வச்சிடலாம், அது ஏற்கெனவே சுருங்கின பின்னம் தான். 0.37-னா 37/100, அதுக்கு மேல யார் வந்தாலும் சுருக்க முடியாது.

கேள்வி: 0.5-ம் 0.50-ம் ஒண்ணுன்னு சொல்றீங்க, அப்போ 0.05-ம் அதே தானே? என் பையன் மூணுக்கும் 5/10-னு எழுதறான்.
- அயனாவரம் வாசகி

பதில்: பின்னாடி வர்ற பூஜ்யம் வேற, நடுவுல வர்ற பூஜ்யம் வேற. பத்துல அஞ்சும் நூறுல ஐம்பதும் ஒண்ணு. நூறுல அஞ்சுங்கறது அதுல பத்துல ஒரு பங்கு தான். போன வருஷம் என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு இதே மாதிரி எழுதிக்கிட்டே இருந்தா, எவ்வளவு சொன்னாலும் தலையாட்டிட்டு மறுபடி அதையே எழுதுவா. ஒரு நாள் தையல் டேப்பை எடுத்து அவ கைல குடுத்து, ஒரு மீட்டர்னா நூறு சென்டிமீட்டர், இதுல 0.5 மீட்டரைப் பிடிச்சுக் காட்டுன்னேன், 50-ல வச்சா. 0.05-ஐக் காட்டுன்னேன். கட்டைவிரல் 5-ல போய் நின்னதும் டேப்பையே பாத்துக்கிட்டு இருந்தா, ரெண்டு விரலுக்கும் நடுவுல அவ்வளவு தூரம். அப்புறம் அந்தத் தப்பு அவ நோட்டுல வரவே இல்ல. உங்க பையனுக்கும் டேப்பைக் குடுங்க. 0.05 வந்து 5/100, சுருக்கினா 1/20.

கேள்வி: 2.6 மாதிரி முழு எண்ணும் சேர்ந்து வந்தா?
- எட்டாம் வகுப்பு மாணவன், தாம்பரம்

பதில்: முழு எண்ணை ஓரமா வச்சிடு தம்பி, அது எங்கேயும் போகாது. 0.6-ஐ மட்டும் மாத்து, 6/10, அதாவது 3/5. ரெண்டையும் சேர்த்தா 2-ம் 3/5-ம். ஒரே பின்னமா வேணும்னா ரெண்டை அஞ்சால பெருக்கி மூணைக் கூட்டு, 13/5. நம்ம தமிழ்லயே ரெண்டே முக்கால்னு தானே சொல்றோம், 2.75-ஐ.

கேள்வி: டீச்சர், பேப்பர்ல செம்பரம்பாக்கம் ஏரி கொள்ளளவு 3.645 டி.எம்.சின்னு போடறாங்க. ஒரு பேச்சுக்கு 2.43 டி.எம்.சி தண்ணி இருக்குன்னு வச்சுக்கோங்க, அது ஏரியில எத்தனை பங்கு? மேலயும் டெசிமல் கீழயும் டெசிமல் இருந்தா என்ன பண்றது?
- போரூர் வாசகர்

பதில்: நல்ல கேள்வி சார், நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய கணக்கு. ரெண்டையும் ஆயிரத்தால பெருக்கிட்டா புள்ளி ஓடிப் போயிடும், 2430/3645. ஒரு டி.எம்.சின்னா ஆயிரம் மில்லியன் கன அடி, பேப்பர்ல 3,645 மில்லியன் கன அடின்னும் போடுவாங்க, அது இது தான். இங்க கவனிங்க, கீழ இருக்கறது 10, 100, 1000 இல்ல, அதனால நான் மேல சொன்ன 2, 5 வழி மட்டும் போதாது.

இதுக்கு 2000 வருஷத்துக்கு மேல பழசான யூக்ளிட் வழி ஒண்ணு இருக்கு, பெருசுலேர்ந்து சின்னதைக் கழிச்சுக்கிட்டே போறது. 3645-லேர்ந்து 2430 போனா 1215. இப்போ 2430-லேர்ந்து 1215 போனா 1215. ரெண்டும் சமமாயிடுச்சா, அது தான் மீப்பெரு பொதுக் காரணி. 2430-ல 1215 ரெண்டு தடவை இருக்கு, 3645-ல மூணு தடவை இருக்கு. பதில் 2/3. மூணுல ரெண்டு பங்கு ஏரி நிறைஞ்சிருக்குன்னு சொன்னா வீட்ல பாட்டிக்கும் புரியும், 2.43 டி.எம்.சின்னா எனக்கே ரெண்டு நிமிஷம் ஆகும்.

கேள்வி: ரூ.100-ஐ மூணு பேருக்கு பிரிச்சா கால்குலேட்டர்ல 33.3333333-னு வருது. 0.3333333-ஐ பின்னமா எழுதச் சொன்னா 3333333/10000000-னு எழுதணுமா, 1/3-னு எழுதணுமா?
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, கொளத்தூர்

பதில்: கால்குலேட்டர் இடம் இல்லாம நிறுத்திடுச்சும்மா, 3 நிக்கல. நின்னு போற டெசிமல்னா நீ சொன்ன முதல் வழி. நிக்காம அதே இலக்கம் திரும்பத் திரும்ப வந்தா, உங்க புக்ல சுழல் தன்மையுள்ள தசம விரிவுன்னு போட்டிருப்பாங்க, அதுக்கு வழி வேற. ரெண்டும் ஒண்ணு இல்லங்கறதுக்கு உன் நூறு ரூபாவே சாட்சி, மூணு பேருக்கும் ரூ.33.33 குடுத்தா மொத்தம் ரூ.99.99, ஒரு பைசா யார்கிட்டயும் இல்ல. 0.33-னு வெட்டினதால தொலைஞ்ச பைசா அது, 1/3-னு வச்சிருந்தா தொலையாது.

வழி என்னன்னா, அந்த வாலை வெட்டி எறியணும், அதுக்கு அதே வால் இருக்கற இன்னொரு நம்பர் வேணும். 0.3333...-ஐ பத்தால பெருக்கு, 3.3333... ஆச்சு, வால் அப்படியே இருக்கு. பெருசுலேர்ந்து சின்னதைக் கழி, வால் வாலோட போயிடும், மிச்சம் 3. பத்து மடங்குலேர்ந்து ஒரு மடங்கு போனா ஒன்பது மடங்கு, அந்த ஒன்பது மடங்கு தான் 3, அப்போ அந்த நம்பர் 3/9, அதாவது 1/3.

0.1666... மாதிரி வந்தா கொஞ்சம் நிதானமா பண்ணணும், 1 ஒரே தடவை தான் வருது, 6 தான் சுத்துது. பத்து மடங்கு 1.666..., நூறு மடங்கு 16.666..., இந்த ரெண்டுக்கும் வால் ஒண்ணு, கழிச்சா 90 மடங்கு வந்து 15. 15/90, சுருக்கினா 1/6. 0.272727... வந்தா ரெண்டு இலக்கம் சேர்ந்து சுத்துது, நூறு மடங்குலேர்ந்து ஒரு மடங்கு போனா 27/99, அதாவது 3/11. எந்தப் பின்னம் நிக்கும், எது சுத்தும்னு முன்னாடியே தெரியணும்னா, சுருக்கின அப்புறம் கீழ இருக்கற நம்பரைப் பாரு. அதுல 2-ம் 5-ம் தவிர வேற பகா எண் இருந்தா அது நிக்கவே நிக்காது, 3, 6, 7, 11 எல்லாம் அப்படித்தான்.

கேள்வி: தி.நகர்ல வளையல் வாங்கும்போது கடைக்காரர் 22 கேரட்னா 12-ல 11 பங்கு தங்கம்னாரு. நகைல 916-னு முத்திரை இருக்கு. வீட்டுக்கு வந்து 916/1000-ஐ சுருக்கினா 229/250 வருது, 11/12 வரவே மாட்டேங்குது. யார் சொல்றது சரி?
- மாம்பலம் வாசகி

பதில்: ரெண்டு பேரும் சரி, உங்க கணக்கும் சுத்தமா இருக்கு. சுத்தத் தங்கம் 24 கேரட், அதுல 22-னா 22/24, சுருக்கினா 11/12. அதை டெசிமலா மாத்தினா 0.91666...ன்னு நிக்காம போகும், ஏன்னா 12-ல ஒரு 3 ஒளிஞ்சிருக்கு. நகைல நிக்காத நம்பரைப் பொறிக்க முடியாது, ஆயிரத்துல 916-னு நிறுத்திக்கிட்டாங்க. நீங்க அந்த நிறுத்தின நம்பரை சுருக்கினீங்க, அதனால 229/250.

இதனால நமக்கு எவ்வளவு போகுதுன்னு ஒரு கவலை வரும், போட்டே பாத்துடலாம். ஒரு பவுன் 8 கிராம். 11/12-னு பாத்தா சுத்தத் தங்கம் 7.333 கிராம், 916-னு பாத்தா 7.328 கிராம். வித்தியாசம் அஞ்சு மில்லிகிராம் சொச்சம். பத்து பவுன்ல கூட 53 மில்லிகிராம் தான் வரும். இதை விட செய்கூலி, சேதாரத்துல எத்தனை சதவீதம் போடறாங்கன்னு உக்காந்து கேக்கறது தான் பிரயோஜனம்னு நான் நெனைக்கறேன்.

18 கேரட்ல இந்தத் தொல்லை இல்ல, முத்திரை 750, அது 3/4, 18/24-ம் 3/4. 14 கேரட்ல முத்திரை 585, ஆனா 14/24-னா 7/12, அது 0.58333... தான், அங்க முத்திரை நம்பர் ஒரு துளி அதிகமாவே இருக்கு.

கேள்வி: சேப்பாக்கத்துல மேட்ச் பாக்கும்போது நானும் ஃப்ரெண்டும் சண்டை போட்டோம். 18.3 ஓவர்ல 185 ரன். நான் 185-ஐ 18.3-ஆல வகுத்தா ரன் ரேட் 10.11 வருது, போர்டுல 10-னு போடறான். போர்டு தப்பா?
- திருவல்லிக்கேணி வாசகர்

பதில்: போர்டு சரி தம்பி. கிரிக்கெட்ல வர்ற புள்ளி டெசிமல் புள்ளி இல்ல, அந்த 3 வந்து மூணு பால். ஓவருக்கு ஆறு பால், ஆறுல மூணுன்னா பாதி. அதனால 18.3 ஓவர்னா பதினெட்டரை ஓவர், 185-ஐ 18.5-ஆல வகுத்தா சரியா 10. அதே மாதிரி 19.5 ஓவர்னா பத்தொன்பதரை இல்ல, 19-ம் 5/6-ம், ஒரு பால் தான் பாக்கி.

இது விளையாட்டுல மட்டும் இல்ல. என் ஹைட் 5.6-னு சொல்வோம், அது அஞ்சடி ஆறு அங்குலம், அடிக்கு 12 அங்குலம், அப்போ அஞ்சரை அடி. 1.30 மணி நேரம்னா ஒன்றரை மணி நேரம், 1.3 மணி நேரம்னா ஒரு மணி பதினெட்டு நிமிஷம். ஓவர்டைம் கணக்குல இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு சம்பளத்தை விட்டவங்களை எனக்குத் தெரியும். புள்ளியைப் பாத்த உடனே பத்துலயா, ஆறுலயா, பன்னெண்டுலயா, அறுபதுலயான்னு கேளுங்க. எத்தனைல எத்தனைங்கற கேள்வியில "எத்தனைல"ங்கறது தான் எப்பவும் முதல்ல.

கேள்வி: டீச்சரம்மா, நான் அம்பத்தூர்ல ஃபேப்ரிகேஷன் ஒர்க்‌ஷாப்ல வேலை பாக்கறேன். டிஜிட்டல் வெர்னியர்ல இன்ச்சுல 0.6875, 0.63-ன்னெல்லாம் காட்டுது. மேஸ்திரி அஞ்சு நூல், முக்கால் இஞ்ச்னு தான் கேக்கறாரு. வேலை நடுவுல பேப்பர் எடுத்து வகுத்துக்கிட்டு இருக்க முடியல, சுளுவான வழி இருந்தா சொல்லுங்க.
- அம்பத்தூர் வாசகர்

பதில்: உங்களுக்கு வகுக்கற வழி வேண்டாம், பெருக்கற வழி சொல்றேன். தெரியாதவங்களுக்காக ஒரு வரி: நம்ம மேஸ்திரிங்க, ஆசாரிங்க சொல்ற ஒரு நூல் வந்து இன்ச்சுல எட்டுல ஒரு பங்கு. அப்போ கீழ 8 தான் வரணும்னு முன்னாடியே முடிவாயிடுச்சு, இனி அந்த எட்டுல எத்தனைன்னு தெரிஞ்சா போதும். வெர்னியர்ல வர்றதை 8-ஆல பெருக்குங்க. 0.625-ஐ 8-ஆல பெருக்கினா 5, அஞ்சு நூல். 0.75-ஐ 8-ஆல பெருக்கினா 6, ஆறு நூல், அது தான் முக்கால் இஞ்ச்.

0.6875-ஐ 8-ஆல பெருக்கினா 5.5, அஞ்சரை நூல், அதாவது 11/16 இன்ச். பேப்பர்ல பண்ணியிருந்தா 6875/10000-ஐ அஞ்சால நாலு தடவை வகுத்து அங்கேயே தான் வந்திருப்பீங்க. 0.63 காட்டினா 5.04 வருது, அந்த .04 துரு, பெயின்ட், கை அழுத்தம் எதுவா வேணா இருக்கலாம், அது அஞ்சு நூல் தான். இங்க 63/100-னு எழுதி இதுக்கு மேல சுருங்காதுன்னு நின்னா ஸ்பேனர் கிடைக்காது. அளந்து வந்த நம்பருக்கும் பரீட்சைல குடுத்த நம்பருக்கும் இந்த வித்தியாசம் உண்டு, இதை ஸ்கூல்ல யாராவது ஒரு பீரியட் ஒதுக்கி சொல்லித் தந்தா நல்லா இருக்கும். மில்லிமீட்டர்ல காட்டினா மொதல்ல 25.4-ஆல வகுத்துக்கோங்க, 19.05 மில்லிமீட்டர் வந்து சரியா 0.75 இன்ச்.

கேள்வி: 3.14-ஐ சுருக்கினா 157/50. ஸ்கூல்ல 22/7. பை-க்கு எது சரியான பின்னம்?
- அண்ணா நகர் வாசகர்

பதில்: ரெண்டுமே கிட்டத்தட்ட தான். பை-யோட டெசிமல் நிக்கவும் நிக்காது, திரும்பவும் வராது, அதனால அதுக்கு சரியான பின்னமே கிடையாது. பை 3.14159..., 22/7 வந்து 3.142857..., பக்கத்துல வச்சுப் பாத்தா 3.14-ஐ விட 22/7 தான் ஒரு துளி கிட்ட இருக்கு. அதை விட எனக்குப் பிடிச்சது ஆரியபட்டர் குடுத்தது, விட்டம் 20,000-னா சுற்றளவு 62,832-ன்னு சொன்னாரு. ரெண்டால நாலு தடவை வகுத்துப் பாருங்க, 3927/1250, டெசிமல்ல 3.1416.

கேள்வி: ஓ.எம்.ஆர்ல கோடிங் வேலை. பைத்தான்ல 0.1-ஐ ஃப்ராக்‌ஷனா மாத்தச் சொன்னா 1/10 குடுக்காம 3602879701896397/36028797018963968-னு குடுக்குது. கம்ப்யூட்டருக்கு சுருக்கத் தெரியாதா?
- சோழிங்கநல்லூர் வாசகர்

பதில்: நல்லாவே சுருக்கியிருக்கு, அதுகிட்ட போய்ச் சேர்ந்தது 0.1 இல்ல, அவ்வளவு தான். மேல கொளத்தூர் பொண்ணுக்கு சொன்னதை இங்க கொண்டு வாங்க. நம்ம பத்து அடிமானத்துல, அதாவது 0-லேர்ந்து 9 வரைக்கும் பத்து இலக்கம் வச்சு எழுதறோம், கீழ 2-ம் 5-ம் மட்டும் இருந்தா டெசிமல் நின்னுடும். கம்ப்யூட்டர் 0, 1-னு ரெண்டே இலக்கம் வச்சு ரெண்டு அடிமானத்துல எழுதுது, அங்க 2 மட்டும் தான் நிக்கும். 1/10-ல ஒரு 5 இருக்கு, அதனால நமக்கு 1/3 எப்படியோ அதுக்கு 1/10 அப்படி, நிக்காம போயிக்கிட்டே இருக்கும், எங்கயோ வெட்டித் தான் ஆகணும். அந்த வெட்டின நம்பரோட உண்மையான பின்னம் தான் நீங்க பாத்தது, கீழ இருக்கறது 2-ஐ 55 தடவை பெருக்கினது. 0.1-ஐ மேற்கோள் குறிக்குள்ள எழுத்தா குடுங்க, 1/10 வந்துடும். 0.375-க்கு இந்தப் பிரச்சனையே வராது, கீழ 8 தானே.

கேள்வி: கண் டாக்டர் 6/12-னு எழுதிக் குடுத்தாங்க. அதை 1/2-னு சுருக்கி எழுதக் கூடாதா?
- வில்லிவாக்கம் வாசகி

பதில்: கூடாதும்மா. மேல இருக்கற 6 நீங்க ஆறு மீட்டர் தூரத்துல நின்னு படிச்சீங்கங்கறதுக்கு, நல்ல பார்வை இருக்கறவங்க 12 மீட்டர்லேர்ந்தே படிக்கற எழுத்தை நீங்க 6 மீட்டர்ல படிக்கறீங்கன்னு அர்த்தம். சுருக்கினா அந்த ரெண்டு தூரமும் காணாம போயிடும்.

கேள்வி: எனக்கு வயசு 81. சின்ன வயசுல கீழ்வாய் இலக்கம்னு பழைய தமிழ்ப் பின்ன வாய்ப்பாட்டை மனப்பாடம் பண்ணினோம், மா, காணி, முந்திரின்னு. இப்போ பேத்தி டெசிமல் போடறா. ரெண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா, இல்ல அது செத்துப் போன கணக்கு தானா?
- மயிலாப்பூர் வாசகர்

பதில்: ஐயா, உங்க கடிதத்தை தான் நான் ரெண்டு தடவை படிச்சேன். சம்பந்தம் நிறைய இருக்கு. நீங்க படிச்ச காலத்துல ரூபாய்க்கு 16 அணா. 1957 ஏப்ரல் 1-லேர்ந்து தான் ரூபாய்க்கு 100 நயா பைசான்னு ஆச்சு. ஒரு அணான்னா ரூபாயில 1/16, அதை டெசிமலா எழுதினா 0.0625, அதாவது ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு காசு எங்க இருக்கு, ஒரு அணாவுக்கு 6 நயா பைசான்னு எடுத்துக்கிட்டாங்க. நாலணா மட்டும் சுத்தமா 25, எட்டணா 50, அதனால தான் அந்த ரெண்டு பேரும் அணா போன அப்புறமும் நம்ம வாய்ல ரொம்ப வருஷம் நின்னுது.

அந்த 1/16-க்கு நீங்க படிச்ச பேர் மாகாணி, வீசம்னும் சொல்லுவாங்க. அந்தப் பேரையே பிரிச்சுப் பாருங்க, மா-வும் காணியும். ஒரு மா 1/20, ஒரு காணி 1/80. மா-வை எண்பதுல எழுதினா 4/80, அதோட ஒரு காணி 1/80, கூட்டினா 5/80, சுருக்கினா 1/16. அந்தக் கூட்டலையும் சுருக்கலையும் பேருக்குள்ளயே வச்சிருக்காங்க, இதை மொத தடவை நான் கவனிச்சப்போ அன்னிக்கு முழுக்க வேற வேலை ஓடல. பேத்தி டெசிமல்ல போட்டாலும் அதே தான், 0.05-ம் 0.0125-ம் கூட்டினா 0.0625. அயனாவரம் பையன் குழம்பின 0.05 இருக்கு பாருங்க, அது உங்க ஒரு மா. இருமா 1/10, அது 0.1. நாலுமா 1/5, அது 0.2. அரைக்கால் 1/8, அது 0.125, பெரம்பூர் அம்மா பிரிச்சு வைக்கப் போற பருப்புக் குவியல்ல ஒண்ணு. அதுல மூணு சேர்ந்தா 0.375, உங்க கணக்குல காலே அரைக்கால்.

இதுல எதுவுமே சுத்தாம எல்லாம் நின்னு போற டெசிமல் தாங்கறதைக் கவனிங்க. 16, 20, 80, 320 எல்லாத்துலயும் 2-ம் 5-ம் தவிர வேற ஒண்ணும் இல்ல. அதனால கீழ்வாய் இலக்கத்துல இருக்கற இந்தப் பேரை எல்லாம் பேத்தியோட நோட்டுல மிச்சம் இல்லாம எழுதலாம்.

ஒரு ஞாயித்துக்கிழமை பேத்தியை பக்கத்துல உக்கார வச்சு 0.003125-ஐ குடுங்க. கடைசில 5 இருக்கறதால அஞ்சால மட்டும் வகுத்துக்கிட்டே வரட்டும், 3125/1000000, 625/200000, 125/40000, 25/8000, 5/1600, அஞ்சாவது தடவை 1/320-ல வந்து நிப்பா. அதோட பேர் என்னன்னு அவளுக்குத் தெரியாது, முந்திரின்னு நீங்க சொல்லுங்க.